விலை குறைவு என்பது இரண்டாவது கேள்விதான்

உயிலில் எழுதியதைச் செய்து முடிக்க நியமிக்கப்பட்டவர், அதாவது உயில் நிறைவேற்றுநர், சொத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார் என்று வழக்குக்குக் கிளம்பும் வாரிசுகள் நேராக மதிப்பீட்டாளரிடம் ஓடுகிறார்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் என்ன உறவு என்பதைத்தான் முதலில் தோண்ட வேண்டும். நியூயார்க்கில் நடந்த ரோத்கோ வழக்கைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

ஓவியர் மார்க் ரோத்கோ 1970 பிப்ரவரியில் இறந்தார். விட்டுச் சென்றது 798 ஓவியங்கள். உயில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட சுமார் மூன்று வாரத்திலேயே, மூன்று நிறைவேற்றுநர்களும் அத்தனையையும் மார்ல்பரோ கேலரியின் கையில் கொடுத்துவிட்டார்கள். 100 ஓவியங்கள் கேலரிக்கே 18 லட்சம் டாலருக்கு விற்பனை. மீதியை விற்றுத் தர கேலரிக்கு 50 சதவீதம் வரை கமிஷன்.

அந்த 18 லட்சமே கண்கட்டு வித்தை. கைக்கு வந்தது 2 லட்சம். பாக்கி 12 ஆண்டுத் தவணை, வட்டி கிடையாது. சமத் தவணை, 6 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தால் அன்றைய மதிப்பு சுமார் 13 லட்சம்தான். ஒப்பந்தத்தில் விலையை மட்டும் பார்த்துத் தவணைப் பக்கத்தைப் புரட்டாதவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிறைவேற்றுநர்களில் ரீஸ் அதே கேலரியின் இயக்குநர். ஸ்டாமோஸ், கேலரியின் தயவை எதிர்பார்த்த ஓவியர். லெவின் பேராசிரியர், அவருக்குச் சல்லிக்காசு லாபமில்லை. ஆனால் மற்ற இருவரின் நிலை தெரிந்தே கையெழுத்திட்டார். வக்கீல் சொன்னார், செய்தேன் என்ற வாதம் எடுபடவில்லை.

மகள் கேட் 1971-இல் தொடுத்த வழக்கில் 1975-இல் தீர்ப்பு வந்தது. 1977-இல் மேல் நீதிமன்றம் உறுதி செய்தது. லெவினின் பொறுப்பு 64,64,880 டாலர். மற்ற இருவருக்கும் கேலரிக்கும் 92,52,000. ஏன் இந்த வித்தியாசம்? கவனக்குறைவுக்கு, விற்ற நாளின் மதிப்பு. விற்கவே தகுதியில்லாத அளவுக்குச் சுயலாபம் கலந்திருந்தால், விசாரணைக் காலம் வரை ஏறிய மதிப்பும் சேரும். உறவை முதலில் தோண்டச் சொல்வது இதற்காகத்தான்.

எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைக்கும்: மொத்தமாகச் சந்தைக்கு வந்தால் விலை விழும், ஆகவே தள்ளுபடி நியாயம். உண்மைதான். அப்படியானால் மூன்று வாரத்தில் விற்க என்ன அவசரம் என்று கேளுங்கள். வேறு யாரிடமாவது விலை கேட்டார்களா என்றும் கேளுங்கள்.

நிறைவேற்றுநர் வரிக்காகக் காட்டிய குறைந்த சொத்து மதிப்பை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். அந்தக் குறைந்த மதிப்பால் வாரிசுக்கும் வரி மிச்சமாகியிருக்கலாம்.

விற்காமல் மிஞ்சியிருப்பதற்கு உடனே இடைக்காலத் தடை வாங்குங்கள். ரோத்கோ வழக்கில் தடையை மீறிய கேலரிக்கு 33 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது.