ஏறுனது வலிக்கல, இறங்குனதுதான்

(மலேசியா, சுங்கை சிப்புட், காலையில பசியாறுற கடை. தோட்டத்து கிளினிக்ல ஒரு காலத்துல டிரஸ்ஸரா இருந்தவரு தே தாரிக்கோட உக்காந்திருக்காரு. முருகேசு கால அகட்டி நண்டு மாதிரி வர்றான்.)

டிரஸ்ஸர்: என்னடா, செம்பனை குலை கால்ல விழுந்துருச்சா?

முருகேசு: இல்லங்கய்யா, தைப்பூசத்துக்கு காவடி எடுக்கணும்ல, அதான் ஞாயித்துக்கிழமை பத்துமலைக்குப் போயி 272 படியும் அஞ்சு தடவ ஏறி இறங்குனேன், அன்னைக்கி ஜம்முனு இருந்தேன், நேத்து புடிச்சிச்சு, இன்னிக்கி செவ்வாய், இன்னும் மோசம், எங்க வீட்டுல குந்துற டாய்லட்டு வேற...

டிரஸ்ஸர்: மொதல்ல உக்காரு.

முருகேசு: உக்காந்தா தூக்கிவிட நாலு பேரு வேணும்ங்கய்யா. லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சாம், கூட்டாளி சொன்னான், எலுமிச்சை தண்ணி ஆறு கிளாஸ் குடிச்சிட்டேன்.

டிரஸ்ஸர்: அட போடா. அந்த ஆசிட்டு ஒரு மணி நேரத்துல காணாம போயிருக்கும், நீ பஸ் ஏறுறதுக்குள்ளயே. படி இறங்கறப்ப தொடை சதை இழுபட்டுகிட்டே ஒன் வெயிட்ட தாங்குது பாரு, மேட்டுலேர்ந்து லோடு லாரி பிரேக் போட்டு இறங்குற மாதிரி, அதுலதான் சதைக்குள்ள சின்ன சின்னதா கீறல் விழுது. அப்புறம் ஒடம்பு மெதுவா ரிப்பேர் பாக்கும், அதான் ரெண்டாம் நாளு மூணாம் நாளு உயிரு போவுது.

முருகேசு: மருந்து?

டிரஸ்ஸர்: ஒங்க தாத்தா வந்து கால் வலிம்பாரு, ஒரு பாட்டில் சிவப்பு மிக்ஸ்சர் குடுப்பேன், மறுநாள் வேலைக்குப் போயிருவாரு. மிக்ஸ்சர்ல என்னடா இருக்கு, நடந்ததுல வலி கொறஞ்சிச்சு! நீயும் மெதுவா நட, நல்லா தூங்கு, முட்டை சாப்புடு.

முருகேசு: விரதம்ங்கய்யா.

டிரஸ்ஸர்: அப்ப பருப்பு, தயிரு, சோயா பாலு. நாலஞ்சு நாள்ல சரியாயிரும், அடுத்த தடவ இவ்ளோ கத்தாது, ஆனா ஒரேயடியா அஞ்சு தடவ ஏறாத. மூத்திரம் மட்டும் தே ஓ கலர்ல, அதான் பால் ஊத்தாத தேத்தண்ணி கலர்ல போச்சுன்னா என்கிட்ட வராத, நேரா ஆஸ்பத்திரி.

(முருகேசு கையில இருக்குற தே ஓவ ஒரு தடவ பாத்துட்டு மேசையில வைக்கிறான். கை பட்டு போன் கீழ விழுது. அடிக்குது.)

முருகேசு: ஐயா, அம்மா கூப்புடுறாங்க, கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்.

டிரஸ்ஸர்: எனக்கு முட்டி தேஞ்சு பத்து வருசமாச்சுடா.

(ரெண்டு பேரும் போன பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. அது அடிச்சிக்கிட்டே இருக்கு.)