அந்த டாக்டரை வெளியே அனுப்பிய பிறகு

கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவர் "அடுத்து ஒரு கதை எழுதலாம்னு இருக்கேன்" என்று வாய் திறந்தால் போதும், நாலு பேர் வந்து ஒரே அறிவுரையைச் சொல்வார்கள்: "இதுவரை கத்துக்கிட்டதை எல்லாம் மறந்துடு." தகவல், தேதி, ஆதாரம் எல்லாம் கதைக்கு எதிரி, மனசை அவிழ்த்து விட்டால் கற்பனை தானாக வரும் என்பது அவர்கள் கட்சி.

எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

பல வருஷமாக முதுமை, நோய், பராமரிப்பு என்று கட்டுரைகள் எழுதி வருகிறேன். இப்போது கதையும் எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவர் விட்டுவிட்டுப் போகவேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பது என் கட்சி: தீர்ப்பு சொல்கிற உரிமை. மற்ற சரக்கெல்லாம் கூடவே வரலாம். வராவிட்டால்தான் கஷ்டம்.

இன்னொரு எரிச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இன்னும் கட்டுரைதானா? எப்போ படைப்பு எழுதப்போறீங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏதோ கட்டுரை கீழ்வகுப்பு, கதை மேல்வகுப்பு, பாஸ் பண்ணிப் போகவேண்டும் என்கிற மாதிரி. நான் ப்ரமோஷன் கேட்டு இந்தப் பக்கம் வரவில்லை. கட்டுரைக்குள் அடங்காத சில விஷயங்கள் கையில் மிஞ்சிவிட்டன, அதனால் வந்தேன்.

சரி, உதாரணம் இல்லாமல் பேசினால் இதுவும் உபதேசமாகிவிடும்.

ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்பகத்தில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா. அவருக்கு மெல்ல மெல்ல நினைவு தவற ஆரம்பிக்கிறது. வேலைக்குப் போகும் மகள். முதல் வரைவில் ஒரு டாக்டர் வந்தார். மகளை எதிரே உட்கார வைத்து ஒரு பக்கத்துக்குப் பேசினார். அல்ஸைமரில் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும், அதனால் புதிய நினைவுகள் தங்காது, ஆனால் காலங்காலமாகக் கைக்குப் பழகிய வேலைகள் ரொம்ப நாள் மிஞ்சும் என்றார். அவர் சொன்னதில் ஒரு வரி தவறில்லை. கட்டுரையில் இந்தப் பத்தி இல்லாவிட்டால் எடிட்டர் ஃபோன் பண்ணிக் கேட்பார். கதையிலோ அந்த டாக்டர் வாயைத் திறந்த இடத்தில் கதை உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை. மகள் "அப்படியா டாக்டர்?" என்று மட்டும் இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு வேலை கொடுக்கவே முடியவில்லை.

அடுத்த வரைவில் டாக்டர் இல்லை. மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறாள்: "அடுப்பை அனைக்கவும்." அப்பா வருகிறார். வெந்நீர் வைக்கிறார். சீட்டைப் பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கிறார். றன்னகரத்தை ஒரு கோட்டால் அடித்து, சீட்டின் ஓரத்தில் டண்ணகரம் போடுகிறார், அச்சுக்கூடத்துப் புரூஃபில் போடுகிற அதே முறையில். ஒருமுறை சரிபார்த்துவிட்டு, திருப்தியாக ஹாலுக்குத் திரும்பிப் போகிறார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

டாக்டர் சொன்னது அத்தனையும் இதில் இருக்கிறது. புதுச் செய்தி மண்டையில் தங்கவில்லை, பழகிய கை மறக்கவில்லை. இந்தக் காட்சி எனக்குக் கற்பனையிலிருந்து குதித்து வரவில்லை. எது முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்று கட்டுரைக்காகப் படித்து வைத்திருந்ததால்தான் வந்தது. "கற்றதை மற" என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால், அப்பா மகளை அடையாளம் தெரியாமல் "நீ யாரும்மா?" என்று கேட்கிற, எல்லாரும் எழுதிவிட்ட அந்தக் காட்சியில்தான் போய் நின்றிருப்பேன்.

சாயங்காலம் மகள் வந்து திருத்தப்பட்ட சீட்டைப் பார்க்கிறாள். அவள் சிரித்தாளா, அழுதாளா? கட்டுரையாக இருந்தால் நான் சொல்லியே ஆகவேண்டும், கூடவே பராமரிப்பாளர்களின் மனச்சுமை பற்றி இரண்டு பத்தி வரும். இப்போதைக்கு, அவள் வேறு தாள் எடுத்து டண்ணகரம் போட்டுப் புதிதாக எழுதி ஒட்டுகிறாள். அவ்வளவுதான். அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு.

இது ஏதோ வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். நம் மொழியில் இரண்டாயிரம் வருஷமாக ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்த உதாரணம் இருக்கிறது. கபிலர்.

புறநானூறு 109-ஐ எடுத்துப் பாருங்கள். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். கபிலர் தன் குரலில் நேரடியாகப் பேசுகிறார். உழவர் உழாமலே இந்த மலையில் நாலு விளைச்சல் உண்டு என்று சொல்லி, ஒன்றே, இரண்டே, மூன்றே, நான்கே என எண்போட்டு அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஆகவே பட்டினி போட்டு இவனைப் பிடிக்க முடியாது, வாளாலும் முடியாது, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுப்பான் என்று முடிக்கிறார். அடுத்த பாட்டில் புள்ளிவிவரமே வருகிறது: பறம்பு நாட்டில் 300 ஊர்கள், முந்நூறும் பரிசிலர் வாங்கிக்கொண்டு போயாகிவிட்டது. வாதம், சான்று, எண்ணிக்கை, பெயர் சொல்லி ஒருவனுக்கு ஆதரவு. நல்ல கருத்துக் கட்டுரைக்கு வேறு என்ன வேண்டும்? (புறநானூறு முழுக்கக் கட்டுரை என்று சொல்லவரவில்லை, தமிழ்ப் பேராசிரியர்கள் அடிக்க வரவேண்டாம்.)

அதே கபிலர் பெயரில் குறுந்தொகை 25 இருக்கிறது. ஐந்தே அடி. தலைவி பேசுகிறாள். அவன் என்னோடு சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு ஞாபகம் வந்த மாதிரி, ஒரு குருகும் (நீர்ப்பறவை) இருந்தது என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு. அதன் கால் தினைத்தாள் போலச் சிறியது, பசுமையானது.

கபிலர் எங்கே? காணோம். அவன் ஏமாற்றுக்காரன் என்றோ, அவள் பேதை என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மூங்கில் நெல்லையும் வள்ளிக்கிழங்கையும் கவனித்து எண்ணிய அதே கண்தான் குருகின் காலைத் தினைத்தாளோடு வைத்துப் பார்க்கிறது. கவனிப்பில் ஒரு குறைவும் இல்லை. நாற்காலியை மட்டும் காலி செய்துவிட்டு, அதில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டார். அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சியும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி. இதை நான் எத்தனை தடவை படித்தாலும் வயிறு பிசைகிறது.

மேற்கிலும் ஒருவரைச் சொல்லலாம். டேனியல் டீஃபோ. அரசியல் துண்டுப் பிரசுரம் எழுதியே காலம் தள்ளியவர், அப்படி ஒன்றுக்காக 1703-ல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டவர். ராபின்சன் குரூசோ 1719-ல் வெளிவந்தபோது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. எனக்குப் பிடித்தது அது அல்ல, 1722-ல் அவர் எழுதிய கொள்ளைநோய் நாட்குறிப்பு. 1665-ல் லண்டனைத் தாக்கிய நோய் பற்றியது. அப்போது டீஃபோ சின்னக் குழந்தை. ஆகவே ஹெச்.எஃப். என்கிற எழுத்துகளை மட்டும் பெயராகக் கொண்ட ஒரு சேண வியாபாரியைக் கற்பித்து அவன் வாயால் சொல்ல வைக்கிறார். வாரவாரம் வெளியான சாவுக் கணக்குகள் பட்டியலாகவே உள்ளே வருகின்றன. நியாயமாகப் பார்த்தால் அலுப்புத் தட்டவேண்டும். தட்டாததற்குக் காரணம், அந்தக் கணக்கைப் படிக்கிறவன் ஊரைவிட்டு ஓடுவதா, கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் தவிக்கிறவன். அண்ணன் போய்விடு என்கிறான், இவனுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு எண்ணும் அவன் முடிவை அசைக்கிறது. என் டாக்டரின் தகவல்கள் யாரையும் அசைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அடுத்து, கட்டுரையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் போய் முட்டிக்கொள்ளும் சுவர். "இது நம்புற மாதிரி இல்லையே" என்று வாசகர் சொன்னால், "சார், இது நிஜமாவே நடந்தது!" என்று நமக்கு ரோஷம் வரும். கட்டுரையில் அது கேடயம். கதையில் செல்லாக் காசு. நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பமுடியாததைவிட, நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பும்படி இருப்பது மேல் என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் எப்போதோ சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கத்தில் கணக்கு நேர்மாறு. ட்ரூமன் கபோட்டி ஒரு கொலைவழக்கைப் பற்றி 1966-ல் நூலாக வெளியிட்டது அத்தனையும் நிஜம் என்று சொல்லிக்கொண்டார். அதன் கடைசியில் வரும் கல்லறைச் சந்திப்பு நடக்கவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. நாவலாக இருந்தால் அது நல்ல முடிவு என்று விட்டிருப்பார்கள். நிஜம் என்று சொல்லி விற்றதால் அந்தக் கறை இன்றுவரை பேசப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒப்பந்தம் உண்டு, ஷரத்துதான் வேறு.

அந்த ஷரத்தில் என்னை அதிகம் தூங்கவிடாதது, மனிதர்களைப் பற்றியது.

பேட்டி எடுப்பவர்களுக்குத் தெரியும். ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் நிஜமான பேச்சு வரும். வாசல்வரை வழியனுப்ப வருவார்கள், செருப்பு மாட்டும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். கட்டுரையில் அதை எழுத முடியாது. அது அவர் நம்மை நம்பிச் சொன்னது, தலைப்புக்கும் சம்பந்தமில்லாதது. அவையெல்லாம் குறிப்பேட்டின் ஓரத்தில் கிடக்கும். என் கதைகளின் விதை முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அதில் கைவைக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

பெயரை மாற்றினால் போதும் என்கிறார்கள். போதாது. மாலதியை மாதவி ஆக்கிவிட்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே போட்டால் மாலதிக்குத் தெரியாதா? அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? அகத்திணையில் யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது: "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்." நான் அதைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் படித்தாலும் தன்னை அதில் பார்க்கமுடியாத அளவுக்கு மாறும்வரை எழுதுவதில்லை. ஆணைப் பெண்ணாக்கு, தொழிலை மாற்று, நோயை மாற்று. மாற்ற மாற்ற ஒரு வேடிக்கை நடக்கிறது. அந்த ஆளுக்கு நியாயம் செய்யவேண்டும் என்கிற கட்டாயம் போய், பாத்திரம் தானாக ஏதோ செய்ய ஆரம்பிக்கிறது. பிழைதிருத்துநர் அப்பா அப்படி வந்தவர்தான். மூல மனிதருக்கும் அச்சுத் தொழிலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எவ்வளவு மாற்றினாலும் ஒருவருடைய ரகசியம் தெரிந்துவிடும் என்றால், அந்தக் கதை குறிப்பேட்டிலேயே கிடக்கட்டும். நல்ல கதையாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

மற்றவை எல்லாம் சில்லறைச் சிக்கல்கள். உரையாடலில் எல்லாரும் முழு வாக்கியம் பேசுவது, கடைசிப் பத்தியில் எல்லாவற்றையும் தொகுத்துக் கட்டத் துடிப்பது. எழுத எழுதச் சரியாகும். கடைசிப் பத்தியைப் பொறுத்தவரை கத்தரிக்கோல் ஒன்றே மருந்து.

"அப்போ கட்டுரையை விட்டுடப்போறீங்களா?" என்று கேட்கிறார்கள். விடமாட்டேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கட்டுரையாகத்தான் எழுதுவேன், எண்போட்டு, ஆதாரத்தோடு, கத்தியே சொல்வேன். அந்த மகள் அப்பாவை இல்லத்தில் சேர்க்கலாமா, கூடாதா? ஒருநாள் அவள் பக்கம் சாய்கிறேன், மறுநாள் அவர் பக்கம். போன வாரம் அவள் ஒரு இல்லத்துக்கு ஃபோன் செய்து விவரம் கேட்டுவிட்டாள், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் கதை நிற்கிறது.