வெறி இல்லாத இனவெறி

போன மாதம் ஒரு ஆன்லைன் மீட்டிங். பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு சதுரம். எங்கள் குழுவில் நைஜீரியாக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட வேலை தெரிந்தவர், என்னைவிடப் பொறுமைசாலி. அவர் பேச ஆரம்பித்த உடனே இன்னொருவர் குறுக்கிட்டார். "கொஞ்சம் லைட் போட்டுக்கிறீங்களா, முகமே தெரியல." சொன்னவர் தங்கமான மனிதர், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், எழுந்து போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஆங், இப்ப பரவாயில்ல" என்றார் கேட்டவர். மீட்டிங் ஓடியது.

அப்புறம் நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது அவர் லேப்டாப்பைத் திருப்பி அறையைக் காட்டினார். மேசையில் இரண்டு விளக்கு, எதிரே ஜன்னல், இந்த வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் வட்ட விளக்கு ஒன்று. எல்லாமே முதலிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் எழுந்து போய் எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "எதையும் போடல. சும்மா எழுந்து போயிட்டு வந்தேன். அதைச் செஞ்சாத்தான் பேச விடுவாங்க."

அந்த "சும்மா எழுந்து போயிட்டு வந்தேன்" ஒரு மாதமாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் விவகாரம். நம் மொழியில் இதற்கு இனவெறி என்று பெயர் வைத்திருக்கிறோம். வெறி என்றதும் நமக்கு ஒரு படம் வந்துவிடுகிறது, வெறிநாய், கொலைவெறி, குடிவெறி, கண் சிவந்து வாயில் நுரை தள்ளி. ஆக இனவெறி பிடித்தவன் என்றால் கையில் தீப்பந்தம், தலையில் வெள்ளை முக்காடு, வாயில் கெட்ட வார்த்தை. கண்ணாடியில் நம் முகத்தைப் பார்க்கிறோம், நுரை இல்லை. சரி, நமக்கு இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம். அந்த மீட்டிங்கில் இருந்த யாருக்கும் வெறி இல்லை. ஆனாலும் ஒரு மனிதர், எரிகிற விளக்கை ஏற்றப் போவதுபோல நடித்துவிட்டு வந்துதான் தன் வேலையைப் பற்றிப் பேச முடிந்தது.

கேமராவுக்கு வெறி பிடிக்குமா? பிடிக்காது. ஆனால் அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்ற பெண், அங்கேயே வேலை பார்த்த ஷெர்லி என்பவர், அதனால் அட்டைக்கே ஷெர்லி அட்டை என்று பெயர் நிலைத்துவிட்டது. பிரிண்ட் போடும்போது அந்தத் தோல் சரியாக விழுந்தால் கலர் சரி என்று அர்த்தம். சில அட்டைகளில் பக்கத்திலேயே "நார்மல்" என்று அச்சடித்திருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில் கறுப்புப் பிள்ளைகள் வெறும் கண்ணும் பல்லுமாக விழுந்தார்கள். தாய்மார்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஃபிலிமை மாற்ற வைத்தது யார் தெரியுமா? மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும். எங்கள் தேக்குக்கும் கருமரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பால் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் விளம்பரத்தில் ஒன்றுபோல இருக்கிறது என்று அவர்கள் புகார் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது என்று, கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் முகத்துக்கு நடக்காதது நாற்காலிக்கு நடந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் நாற்காலி மறக்கவே இல்லை.

அது பழைய கதை என்பீர்கள். 2018இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 வரைக்கும் போனது. இதே வகைத் தொழில்நுட்பம் போலீஸ் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பர் சாட்சி ஆனார். யாரோ திருடிய கைக்கடிகாரங்களுக்காக, கம்ப்யூட்டர் கைகாட்டியது என்று, மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க வீட்டு வாசலிலேயே விலங்கு மாட்டினார்கள். சுமார் 30 மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். அங்கேயும் யாருக்கும் வெறி இல்லை, பாருங்கள். கம்ப்யூட்டர் சொன்னது, செய்தோம், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட ஆறாத விஷயம் சிறுநீரகக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒரே ஒரு பெருக்கல்தான்.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரம் கணக்குப் போடும். ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று வரும். எண் குறையக் குறைய நிலைமை மோசம். 1999இல் வெளியாகி, அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கிய சூத்திரத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு. நோயாளி கறுப்பர் என்றால் விடையை ஏறக்குறைய 1.2ஆல் பெருக்கு. காரணம் என்னவென்றால், ஆய்வில் இருந்த கறுப்பர்களுக்கு, சிறுநீரகம் அதே அளவு வேலை செய்தும் கிரியேட்டினின் சற்று அதிகமாக இருந்ததாம், அவர்களுக்குத் தசை அதிகம் அதனால் இருக்கும் என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார்கள். இருக்கும் என்பது சில வருடத்தில் இருக்கிறது ஆகிவிட்டது.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வயது, ரத்தத்தில் ஒரே அளவு கிரியேட்டினின். வெள்ளைக்காரருக்கு விடை 18. கறுப்பருக்கு அதே 18ஐ 1.2ஆல் பெருக்கி 21.6. காகிதத்தில் கறுப்பரின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் நாட்கள், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு எண் 20க்கு இறங்கினால்தான் எண்ணப்பட ஆரம்பிக்கும். ஆக ஒருவர் வரிசையில் நின்றாகிவிட்டது, இன்னொருவர் இன்னும் நோய் முற்ற வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா கறுப்பர் அம்மா வெள்ளைக்காரர் என்றால் பாதிப் பெருக்கலா? அதற்கெல்லாம் சூத்திரத்தில் இடமில்லை, படிவத்தில் ஒரு கட்டம், அதில் ஒரு டிக், அவ்வளவு. இந்தச் சூத்திரத்தை எழுதியவர்கள் கறுப்பர்களுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். துல்லியமாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கெட்டவன் செய்தால் திட்டலாம், துல்லியத்தை எப்படித் திட்டுவது? இனத்தை எடுத்துவிட்ட புதுச் சூத்திரத்தை அங்குள்ள சிறுநீரக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தது 2021இல். 22 வருடம் அந்தப் பெருக்கல் ஓடியிருக்கிறது.

"அப்போ இனத்தையே கேட்காம விட்டா சரியாப் போச்சு" என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் அவ்வளவு சுலபமில்லை. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மென்பொருளைப் பற்றி 2019இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த மென்பொருளில் இனம் என்ற கட்டமே கிடையாது. யாருக்கு அதிக மருத்துவச் செலவு ஆகும் என்பதை மட்டும் கணிக்கும். ஆனால் அதே நோய்க்குக் கறுப்பர்களுக்குச் செலவிடப்படுவது ஏற்கெனவே குறைவு, எனவே இவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவு கட்டிக்கொண்டது. அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவி கிடைப்பவர்களில் கறுப்பர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5க்குப் போகும் என்று கணக்குக் காட்டினார்கள்.

சரி, இயந்திரத்தை விடுங்கள், மனிதர்களுக்கு வருவோம். 2022 நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் ஒரு வரவேற்பு. பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து வேலை செய்கிறவர்களுக்காக நடந்தது. அங்கே போன ங்கோசி ஃபுலானி என்ற கறுப்பினப் பெண் பிரிட்டனிலேயே பிறந்தவர். அரண்மனையைச் சேர்ந்த ஒரு மூத்த பெண்மணி அவர் தோளில் கிடந்த முடியை ஒதுக்கி, பெயர் அட்டையைப் படித்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இவர் இந்த ஊர் என்றார். இல்லை, நிஜமாக எங்கிருந்து? இவர் மறுபடி சொல்ல, அவர் மறுபடி கேட்க, ஆப்பிரிக்காவில் எந்தப் பகுதி என்பது வரை போனதாக ஃபுலானி வெளியே சொன்னார். அந்தப் பெண்மணி மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார்.

இதில் "பாவம் வயசானவங்க, ஆர்வத்துல கேட்டிருப்பாங்க" என்று பேசியவர்கள் ஏராளம். ஒருவேளை இருக்கலாம்! ஒவ்வொரு சம்பவத்துக்கும் இன்னொரு விளக்கம் தயாராக இருக்கிறது, வெளிச்சம் போதவில்லை, ஆர்வத்தில் கேட்டார், பாதுகாப்புச் சோதனையில் தற்செயலாகக் கூப்பிட்டார்கள். எது தற்செயல், எது இல்லை என்ற கணக்கைப் போடும் வேலை மட்டும் எப்போதும் ஒரே தரப்பின் தலையில் விழுகிறது. மீட்டிங்கில் நான் என் பேச்சைப் பற்றி மட்டும் யோசித்தேன். அவர் பேச்சு, விளக்கு, கேட்டவரின் மனம் கோணாமல் சிரிப்பது, எழுந்து போகிற நேரம் என நாலையும் சேர்த்து யோசித்தார். ஹார்வர்டின் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கீறல்களுக்கு 1970லேயே மைக்ரோஅக்ரஷன் என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்து அரை நூற்றாண்டு தாண்டியும், "நீ ரொம்ப யோசிக்கிற" என்ற ஒரே பதில்தான் கையில் இருக்கிறது.

நம்மையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் போனால் லைக் வரும், ஆனால் அது பாதிதான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இதைச் சொல்லாத தமிழ் வாய் இருக்கிறதா? பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம். அந்த "இருந்தாலும்" என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். களை என்பது சிவப்புக்குச் சொந்தம், இவளுக்கு மட்டும் விதிவிலக்காக அனுமதி. ஒரு "ஆலும்" போட்டு முடித்துவிட்டோம். கோடாக்காவது அதற்கு அட்டை அச்சடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் என் பங்கு. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை, பெயர் மட்டும் மாறும், எமிலி, கிரெக் ஒரு பக்கம், லக்கீஷா, ஜமால் இன்னொரு பக்கம். வெள்ளைக்காரப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது, கறுப்பர் பெயருக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. விளம்பரத்தில் "அனைவருக்கும் சமவாய்ப்பு" என்று போட்டிருந்த நிறுவனங்களும் இதில் கொஞ்சமும் மாறுபடவில்லை. இந்த ஆய்வைப் பற்றி நான் நாலு இடத்தில் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் குழுவில் ஒரு வேலைக்கு வந்த விண்ணப்பங்களை முதல் சுற்றில் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நூற்றுச் சொச்சம். ராத்திரி பதினொரு மணி, கண் எரிச்சல். ஒரு பெயர் வந்தது, நீளமான பெயர், எந்த நாடு என்றே பிடிபடவில்லை, இரண்டு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. நிராகரித்தேனா? இல்லவே இல்லை, நான் அப்படிப்பட்ட ஆளா! "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன், அதில் போட்டேன். இத்தனைக்கும் என் பெயரையே நாலு பேர் நாலு விதமாகக் கடித்துத் துப்புகிறார்கள். அந்த ஃபோல்டரை அதற்குப் பிறகு திறக்கவில்லை. போன மாதம் அந்த மீட்டிங் நடந்த அன்று ராத்திரிதான் நினைவு வந்து தேடினேன்.

"இப்பல்லாம் எதைச் சொன்னாலும் குத்தம்னு சொல்றாங்க, வாயைத் திறக்கவே பயமா இருக்கு" என்று கமென்ட் போடப் போகிறவர்களிடம் ஒன்று. உங்கள் எரிச்சல் எனக்கு ஓரளவு புரிகிறது, அலுவலகங்களில் வருடத்துக்கு ஒரு மணி நேரம் வீடியோ போட்டு, கடைசியில் பத்துக் கேள்வி வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அதில் எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் "என் மனசுல அப்படி ஒன்னும் இல்ல" என்பதை மட்டும் பதிலாகச் சொல்லாதீர்கள். உங்கள் மனசை யாரும் கேட்கவில்லை. அந்த ராத்திரி என் மனசிலும் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இருந்தது.

சிறுநீரகக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2023 ஜனவரியிலிருந்து, பழைய சூத்திரத்தால் தள்ளிப்போன கறுப்பு நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுத்து, அன்றைக்கே பெருக்காமல் விட்டிருந்தால் எந்த நாளில் வரிசைக்கு வந்திருப்பார்கள் என்று பார்த்து, அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கும்படி அமெரிக்க மருத்துவமனைகளுக்கு உத்தரவு வந்தது. 2024 மார்ச்சுக்குள் 14,000 பேருக்கு மேல் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. சராசரியாக ஒருவருக்கு இரண்டு வருடம்.

அந்த விண்ணப்பம் ஃபோல்டரில் அப்படியே இருந்தது. படித்தேன். முதல் சுற்றைத் தாண்டியிருக்க வேண்டிய ஆள்தான், சந்தேகமே இல்லை. அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்தாகிவிட்டது, நல்ல பையன், பக்கத்துச் சதுரத்தில்தான் வருவான், அவன் பெயர் எனக்கு முதல் தடவையே வாயில் வந்துவிட்டது.