ஏழு தடவை அழுத்தினால் எரியும் விளக்கு

"ஒரு நாளைக்கு நாலு விமானம்கூட இறங்காத இடத்துக்கு எதற்கு இவ்வளவு நிலம்?" சின்ன விமான நிலையம் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்விதான் முதலில் வரும். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நானே ஒரு காலத்தில் கேட்டவன்தான். விமான நிலையம் என்றாலே நமக்குக் கண்ணாடிக் கட்டடமும் பெட்டி சுற்றிவரும் பெல்ட்டும்தான் ஞாபகம் வரும். அதே கண்ணோடு ஒரு கிலோமீட்டர் தார்ப்பாதையையும் ரெண்டு தகரக் கொட்டகையையும் காற்று வீசும் திசையைக் காட்டும் ஒரு துணிப்பையையும் பார்த்தால் தண்டச்செலவு என்றுதான் தோன்றும்.

டிக்கெட் கணக்கை வைத்து இந்த இடத்தை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. இங்கே டிக்கெட்டே கிடையாது. வயலுக்கு மருந்தடிக்கிற விமானம், பழகவரும் மாணவர், காட்டுத்தீயைக் கண்காணிக்கிறவர், நோயாளியை ஏற்றிப்போக வரும் ஏர் ஆம்புலன்ஸ். இதில் பாதிப் பேர் எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது. ராத்திரியில் ஓடுபாதை விளக்குகளை அணைத்தே வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் வழக்கம் என்னவென்றால், இறங்க வரும் பைலட் அந்த நிலையத்தின் அலைவரிசையில் எதுவும் பேசாமல் மைக் பொத்தானை மட்டும் அழுத்துவார். 5 விநாடிக்குள் 7 தடவை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 என்றால் நடுத்தரம், 3 என்றால் மங்கல். 15 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். கீழே ஒரு ஆள் விழித்திருக்கத் தேவையில்லை. கும்மிருட்டில் டிக் டிக்கென்று ஏழு அழுத்தல், உடனே தரையில் ரெண்டு வரிசை விளக்கு! அப்புறம் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறேன் என்று ரேடியோவில் அவரே சொல்லிக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்தில் இன்னொருவர் பறந்துகொண்டிருந்தால் கேட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவில் பறக்கும் டாக்டர் சேவை 1928இல் கிளோன்கரி என்ற ஊரிலிருந்து கிளம்பியபோது கையிலிருந்தது குவாண்டாஸ் விமானக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு விமானம். அதைத் தொடங்கிய ஜான் ஃபிளின் ஒரு பாதிரியார். அந்தச் சேவை இன்றும் பல இடங்களில் மண் ஓடுபாதையில்தான் இறங்குகிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, சின்னக் குறையும் இல்லை. கார் பெட்ரோலிலிருந்து எப்போதோ ஒழித்த ஈயத்தைப் இங்கே வந்துபோகும் சின்ன பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் எரிக்கின்றன. அந்தப் புகை உடல்நலத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் முடிவாகச் சொல்லிவிட்டது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிறவர் சண்டைக்கு வந்தால் அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று ஓரங்கட்டுவது அயோக்கியத்தனம். ஈயமில்லாத எரிபொருள் வந்துவிட்டது. மானியத்தை முதலில் அதற்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜாலியாகப் பறக்க வருகிற பணக்காரரிடம் கொட்டகை வாடகையை முழுசாக வசூலியுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மூடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 2003 மார்ச் கடைசியில், ராத்திரியோடு ராத்திரியாக, சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசரை அனுப்பி மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமான நிலையத்தின் ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ்களாகப் பள்ளம் பறித்துவிட்டார். விடிந்து பார்த்தால் 16 விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் நிற்கின்றன. இன்று அங்கே பூங்கா. சிகாகோவுக்கு அது பெரிய இழப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம், வேறு விமான நிலையங்கள் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாலையில் நாலு மணி நேரம் போகவேண்டிய ஊருக்கு இருப்பது அந்த ஒரு தார்ப்பாதைதான்.