ஆற்காடு என்பது ஊர்ப்பெயர், வம்சப்பெயர் அல்ல

தம்பி, உங்கள் பதிவில் "பெயருக்கு முன்னால் ஆற்காடு இருந்தால் நவாப் வம்சம், டிஎன்ஏ சோதனையே சொல்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு.

நம் பக்கம் பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் பழைய ஊரைப் பெயரோடு கொண்டுபோனார்கள். ஆற்காடு இராமசாமி முதலியாரும் அவருடன் பிறந்த இலட்சுமணசாமி முதலியாரும் 1887இல் கர்னூலில் பிறந்த இரட்டையர். அவர்கள் பெயரிலும் ஆற்காடு உண்டு, நவாப் உறவா என்ன?

என் தாத்தா ஆற்காட்டிலிருந்து வேலூர் சைதாப்பேட்டைக்கு வந்தவர். வீட்டில் உள்ள பழைய பத்திரத்தில் 'இன்னார் குமாரர்' என்றுதான் இருக்கிறது, ஊர்ப்பெயரே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்டபோது அப்பாதான் இனிஷியலை விரித்து 'ஆற்காடு' என்று எழுதினார். அது எப்படி ரத்த உறவுக்குச் சான்றாகும்?

ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று பார்த்தாலும், 'ஆர்' என்றால் ஆத்தி மரம், அதனால் ஆத்திக்காடு என்பார்கள்; ஆறு காடுகள் என்றும் சொல்வதுண்டு. இரண்டிலும் நவாப் இல்லை.

அப்புறம் அந்தச் சோதனை. அது உங்கள் மரபணுவை மற்றவர்களிடம் எடுத்த மரபணு மாதிரிகளோடு ஒப்பிட்டு, எந்த மக்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற உத்தேச விகிதம்தான் தரும். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் தந்தைவழி ஒரே கோட்டைக் காட்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் வம்சமரத்தில் 1,024 மூதாதையர் இடங்கள். அந்தக் கோடு அதில் ஒன்றே ஒன்று. நவாப் வழியில் வந்தவர் என்று தெரிந்த ஒருவரின் மாதிரியோடு ஒப்பிடாமல் வம்சம் சொல்லவே முடியாது. பதிவைத் திருத்திவிடுங்கள், பிள்ளைகள் இதை நம்பிப் பகிர்கிறார்கள்.