போன்னும் சொல்றீங்க, நில்லுன்னும் சொல்றீங்க

ஊட்டியில் குதிரை மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. ஆனால் 41 வயதில் முறையாகக் குதிரையேற்றம் கற்கப்போகிறேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒரே பழமொழியை எடுத்தார்கள்: "குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை." இப்போது அதை யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்கு வாய்த்தது ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு பெண்குதிரை. லாயத்தில் அதற்குப் பெயரே தொட்டாச்சிணுங்கி. இரண்டாம் மாதம், லவ்டேல் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வேன் ஒன்று ஹாரன் அடித்தது. குதிரை துள்ளியது. பயத்தில் இரண்டு காலாலும் அதன் விலாவை இறுக்கிக்கொண்டு, கடிவாளத்தை என் நெஞ்சுவரை இழுத்தேன். நிற்கும் என்றுதான் நினைத்தேன். பறந்தது. நான் தேயிலைச் செடிக்குள் கிடந்தேன். ஹெல்மெட் இருந்ததால் கைச் சிராய்ப்போடு போயிற்று.

குதிரைக்கார அண்ணா ஓடிவந்து முதலில் குதிரையின் காலைத்தான் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "காலால போன்னு சொல்றீங்க, கையால நில்லுன்னு சொல்றீங்க. அது எதைத்தான் டீச்சர் கேக்கும்?" என்றார். அதிலும் ரேஸ் குதிரைக்குக் கடிவாள வார் இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுப்பதுதான் பழக்கம். நான் பிரேக் என்று நினைத்துப் பிடித்தது அதற்கு ஆக்ஸிலரேட்டர்.

அதன்பிறகு மூன்று வாரம் என் கையில் கடிவாளமே தரவில்லை. நீளக் கயிற்றில் அவர் குதிரையை வட்டமாக நடத்த, நான் தொடைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊட்டிக்காரர்கள் நாம் குளிருக்குத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டே வாழ்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? தோள் ஏறினால் முதுகு விறைக்கும், முதுகு விறைத்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், காலும் தானாக இறுகும். அத்தனையும் சேணம் வழியாகக் குதிரைக்குப் போய்விடும். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் வெடுக்கென்று சிலிர்க்கிற பிராணி அது. அதன் விலாவில் குதிகாலால் உதைப்பது பக்கத்தில் இருப்பவர் காதில் மைக் வைத்துக் கத்துவதுபோல.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக்கெல்லாம் குளம்பால் தட்டித் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் அந்தக் குட்டை உடைத்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை அவரறியாமல் லேசாக அசையும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. கேட்டவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. (என் வகுப்பிலும் நாலைந்து ஹான்ஸ் உண்டு. கரும்பலகைக்கு முன்னால் நின்று என் புருவத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார்கள்.) இவ்வளவு நுணுக்கமாக ஆளைப் படிக்கும் பிராணியைத்தான் நாம் கிறுக்கு, முரடு என்கிறோம்.

நாலாவது வாரம் ஒரு நாள் வாரைத் தொடாமல் மூச்சை நீளமாக வெளியே விட்டேன், அவ்வளவுதான். இடுப்பு கொஞ்சம் கனமாகச் சேணத்தில் இறங்கியது. குதிரையின் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு வைத்தது, நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

சுற்றுலாக் குதிரையில் ஏறுபவர்களிடம் "உதைங்க சார்" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. சீசன் கொஞ்ச நாள், தீவனச் செலவு வருஷம் முழுக்க. ஆனால் ஆயிரம் பேரிடம் உதை வாங்கிய குதிரை அசையாமல் நிற்பதைப் பார்த்து "சாதுவான குதிரை" என்கிறோம். சாதுவெல்லாம் இல்லை, கேட்பதை விட்டுவிட்டது, அவ்வளவே.

போன ஞாயிறு அதே தோட்டத்துப் பாதை. வேலியில் ஒரு காலி உரச் சாக்கு காற்றில் படபடத்தது. குதிரையின் இரண்டு காதும் விறைத்தன. நான் முழங்கையைத் தளர்த்தி, காலைக் கொடியில் காயும் ஈரத்துணி மாதிரி தொங்கவிட்டு, சாக்கைப் பார்க்காமல் வளைவைப் பார்த்தேன். அது ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோயிற்று. பெருமையாகத் திரும்பி அண்ணாவைப் பார்த்தேன்.

"குதிரை நல்லாத்தான் போகுது. உங்க தோளுதான் மறுபடி காதுக்கு ஏறிருச்சு டீச்சர்."