கடல் காற்றுக்கு ஒரு சிட்டிகை கூடுதல் மருந்தா?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "உப்புக் காற்றில் துப்பாக்கி மருந்து நமுத்துவிடும், தோட்டாவில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுங்கள். எந்த மருந்தானாலும் அளவு ஒன்றுதான்." இரண்டுமே தவறு.

நமுப்பது பெரும்பாலும் பழைய கருமருந்து. ரைபிள் தோட்டாவில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் கலந்த புகையில்லா மருந்து. அதுவும் கொஞ்சம் ஈரம் இழுக்கும்தான். ஆனால் காய்ந்ததும் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். அப்போது அந்தச் சிட்டிகையும் சேர்ந்துகொள்ளும்.

அளவு விஷயம் இன்னும் மோசம். குருணையின் வடிவம், பருமன், மேல்பூச்சைப் பொறுத்து எரியும் வேகம் மாறும். கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தை ரைபிள் தோட்டாவில் நிரப்பினால், குண்டு குழலில் நகர்ந்து இடம் விடுவதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். வெடிப்பது முகத்துக்குப் பக்கத்தில். பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் குருணை! அதனால்தான் தயாரிப்பாளர்கள் மருந்துக்கும் குண்டின் எடைக்கும் தனித்தனி அட்டவணை தருகிறார்கள். பட்டாசு மருந்து? பேச்சே வேண்டாம்.

அப்புறம், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பயிரை மேய்கிறது என்று காட்டுப்பன்றியை நாமாகச் சுடவும் 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. வனத்துறையிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.